காந்தம் ஒட்டுகிறதா?

அமெரிக்காவில் ரைபிள் சுடப் பழகுகிறவர்களுக்குக் காகித இலக்கை விட எஃகுத் தகடுதான் ரொம்பப் பிடிக்கும். காரணம் எளிது. காகிதத்தில் ஓட்டை விழுந்ததா இல்லையா என்று பார்க்க ஒரு தொலைநோக்கி வேண்டும். இல்லாவிட்டால் எல்லோரும் சுடுவதை நிறுத்தும்வரை காத்திருந்து, நூறு கஜம் நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். எஃகுத் தகட்டில் அந்தத் தொல்லை இல்லை. பட்டால் "டங்" என்று சொல்லிவிடும். விசையை அழுத்தி அரை நொடிக்குள் பதில் வந்துவிடும். கோயில் மணியை எட்டிப்பிடித்து அடித்துவிட்ட குழந்தைக்கு வரும் சந்தோஷம் ஐம்பது வயதுக்காரருக்கும் வந்துவிடுகிறது.

ஆனால் ஒழுங்காக நடத்தப்படும் பல சுடுதளங்களில் அந்த "டங்" கேட்பதற்கு முன்னால் ஒரு சின்னச் சடங்கு உண்டு. மேற்பார்வையாளர் வந்து தோட்டாப் பெட்டியைத் திறக்கச் சொல்வார். சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து தோட்டாவின் முனையில் வைத்துப் பார்ப்பார். ஒட்டவில்லை என்றால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். ஒட்டினால், "இது இங்கே வேண்டாம்" என்பார். புதிதாக வந்தவர்களுக்கு இதில் கோபம் கூட வரும். கடையில் காசு கொடுத்து, சட்டப்படி வாங்கிய பொருளை ஒருவர் குளிர்பதனப் பெட்டிக் காந்தத்தை வைத்து வேண்டாம் என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

இந்தக் காந்தத்துக்குப் பின்னால் கொஞ்சம் இயற்பியல், கொஞ்சம் ராணுவ வரலாறு, கொஞ்சம் சட்டம், கடைசியில் கொஞ்சம் மனிதர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. தமிழில் தோட்டா என்றாலும் குண்டு என்றாலும் பேச்சில் ஒன்றுதான். இங்கே தோட்டா என்றால் முழுசாக ஒன்று: கூடு, அதற்குள் வெடிமருந்து, அடியில் தீப்பொறி தரும் பிரைமர், மேலே செருகிய குண்டு. குண்டு என்றால் குழாயிலிருந்து வெளியே பறந்து போகும் அந்த முனைப் பகுதி மட்டும். கூடு பெரும்பாலும் பித்தளை. விலை மலிவான ரகங்களில் எஃகு. கூடு இலக்கு வரை போவதே இல்லை, சுடுகிறவர் காலடியிலேயே விழுந்துவிடும். அதனால் அது எஃகாக இருந்தாலும் தகட்டுக்கு ஒன்றும் ஆகாது. காந்தச் சோதனையில் பலரும் இங்கேதான் முதலில் ஏமாறுவார்கள். கூட்டில் காந்தத்தை வைத்துவிட்டு "ஐயோ, ஒட்டுகிறதே" என்பார்கள். வைக்க வேண்டிய இடம் குண்டு.

சாதாரண ரைபிள் குண்டின் உள்ளே ஈயம். மேலே செம்புக் கலவையில் ஒரு மெல்லிய உறை. ஈயம் கனமானது, மலிவானது, மென்மையானது. நகத்தால் கீறினால் கோடு விழும். அந்த மென்மைதான் எஃகு இலக்கைச் சுடுவதைச் சாத்தியமாக்குகிறது.

எப்படி என்றால், கெட்டியான தட்டையான எஃகில் ஈயக் குண்டு வேகமாக மோதும்போது அது துளைப்பதும் இல்லை, பந்து போலத் திரும்பி வருவதும் இல்லை. நொறுங்கிச் சிறுசிறு துணுக்காகி, தகட்டின் முகத்தை ஒட்டியே நாலாபுறமும் தெறிக்கிறது. பெரும்பாலான துணுக்குகள் தகட்டின் பரப்பிலிருந்து இருபது டிகிரிக்குள்ளேயே போய்விடும். சுடுகிறவர் நேர் எதிரே தள்ளி நிற்பதால் அவர் பக்கம் வருவது குறைவு. தகட்டைக் கொஞ்சம் முன்புறம் சாய்த்துத் தொங்கவிட்டால் தெறிப்பு தரையை நோக்கிப் போகும். இதனால்தான் நல்ல தகடுகள் லேசாகக் குனிந்தபடி தொங்குகின்றன.

இதைப் புரிந்துகொள்ள துப்பாக்கி தேவையில்லை. சமையலறைத் தொட்டி போதும். குழாய்க்கு அடியில் ஒரு தட்டையான தட்டைப் பிடித்தால் தண்ணீர் தட்டோடு ஒட்டிப் பரவி ஓரங்களில் வழியும். அதே குழாய்க்கு அடியில் ஒரு கரண்டியின் குழிந்த பக்கம் தெரியாத்தனமாக வந்துவிட்டால்? தண்ணீர் குழியில் இறங்கி, வளைந்து, வந்த பக்கமே திரும்பிச் சட்டை முழுக்க நனைத்துவிடும். பாத்திரம் கழுவிய எல்லோருக்கும் இது தெரியும்.

எஃகுத் தகட்டில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டால் அதுதான் கரண்டி. அடுத்த குண்டு சரியாக அந்தப் பள்ளத்தில் விழுந்தால், துணுக்குகள் ஓரமாகப் போவதற்குப் பதிலாக வந்த திசையிலேயே திரும்புகின்றன. தண்ணீர் சட்டையை நனைக்கும். செம்பு உறையின் கூரான ஒரு துண்டு கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் யாரும் எஃகைச் சுடக்கூடாது, பார்த்துக்கொண்டு நிற்கவும் கூடாது என்ற விதி இதனால்தான்.

ஆக, கேள்வி இதுதான்: தகட்டில் பள்ளம் எப்படி விழுகிறது?

இலக்குத் தகடுகளுக்கு அதிகம் பயன்படுவது ஏஆர் 500 என்ற எஃகு. இதைத் துப்பாக்கிக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. கல்குவாரி, சுரங்கம், மண் அள்ளும் இயந்திரம் என்று நாள் முழுக்கக் கல்லும் மண்ணும் உரசும் இடங்களுக்காகச் செய்தது. தேய்மானத்தைத் தாங்கும் எஃகு. 500 என்பது பிரினெல் என்ற கடினத்தன்மை அளவில் அதன் எண், ஏறக்குறைய. சாதாரணக் கட்டட இரும்பு இதே அளவில் 120 அல்லது 130 இருக்கும். ஈயம் 5-ஐ ஒட்டி. ஐந்துக்கும் ஐந்நூறுக்கும் சண்டை என்றால் யார் உடைவார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. அந்த வித்தியாசம்தான் பாதுகாப்பு. குண்டுக்குள் ஈயத்துக்குப் பதிலாக எஃகு இருந்தால் அந்த வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. எஃகுக்கு எதிரே எஃகு.

சரி, குண்டுக்குள் எஃகு ஏன் வந்தது? இரண்டு காரணங்கள். ஒன்று சிக்கனம், இன்னொன்று துளைக்கும் சக்தி.

சோவியத் யூனியன் 1943-ல் வடிவமைத்த 7.62×39 தோட்டாதான் பிறகு ஏகே ரைபிள்களின் தோட்டாவாக உலகம் முழுக்கப் பரவியது. அதன் ராணுவக் குண்டில், மாம்பழத்துக்குள் கொட்டை மாதிரி, மென்மையான எஃகில் ஒரு கரு. அதைச் சுற்றி மெல்லிய ஈயம். அதற்கு மேல் செம்பு பூசிய எஃகு உறை. கோடிக்கணக்கில் செய்ய வேண்டிய பொருளில் விலை உயர்ந்த ஈயத்தையும் செம்பையும் மிச்சம் பிடிப்பது பெரிய விஷயம். 1974-ல் வந்த ஏகே 74 ரைபிளின் 5.45×39 தோட்டாவிலும் இதே போல எஃகுக் கரு.

நேட்டோ நாடுகள் பக்கம் கதை வேறு. பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனம் செய்த எஸ்எஸ் 109 என்ற 5.56 மி.மீ. குண்டு 1980-ல் நேட்டோவின் பொதுத் தரமானது. வெகுதூரத்தில் இருக்கும் எஃகுத் தலைக்கவசத்தையும் துளைக்க வேண்டும் என்பது அதற்கு வைத்த பரீட்சை. அதன் அமெரிக்க வடிவம் எம் 855. முனையில் பச்சை வண்ணம். எடை 62 கிரெய்ன், அதாவது சுமார் 4 கிராம். அதில் ஒரு சின்ன எஃகு முனை, பின்னால் ஈயம். முழுக் கருவும் எஃகு இல்லை. ஆனால் அந்தச் சின்ன முனை கெட்டியானது, வேகமும் அதிகம். தகட்டில் குழி தோண்ட அது போதும்.

இவை தவிர, கவசத்தைத் துளைப்பதற்கென்றே செய்தவையும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா பயன்படுத்திய எம் 2 ஏபி, கருப்பு முனை, உள்ளே கடினமாக்கிய எஃகு. இலக்குத் தகட்டைச் சுட இதைக் கொண்டுவருவது, பூப்பறிக்கக் கோடாலி கொண்டு வருவது போல.

வண்ணத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாமே, காந்தம் எதற்கு? இங்கேதான் வேடிக்கை. வண்ணங்களுக்கு உலகப் பொதுமொழி கிடையாது. அமெரிக்க 5.56-ல் பச்சை என்றால் எஃகு முனை. சோவியத் 7.62×39-ல் பச்சை என்றால் ஒளிவீசிக்கொண்டு போகும் டிரேசர். நெருப்பு சம்பந்தப்பட்ட சமாச்சாரம். பழைய சோவியத் 7.62×54 ரகத்தில் வெள்ளி முனை என்றால் எஃகுக் கரு. அதிலேயே பல ஆண்டுகளின் உற்பத்தியில் வண்ணமே கிடையாது. பல வருடம் பெட்டியில் உரசிக்கிடந்து வண்ணம் உதிர்ந்ததும் உண்டு. தாத்தா விட்டுப்போன டப்பாவில் எல்லாம் கலந்து கிடப்பதும் உண்டு. வண்ணம் ஒரு துப்பு மட்டும்தான். சாட்சி இல்லை.

காந்தம் மட்டும் சாட்சியா என்றால், அதுவும் பாதி சாட்சிதான். இதைத் தெரிந்துகொள்ளாமல் காந்தத்தை நம்புவதும் ஆபத்து.

காந்தம் ஒட்டவில்லை என்றால், குண்டில் எஃகு உறையும் இல்லை, எஃகுக் கருவும் இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். ஆனால் முழுக்கச் செம்பால் செய்த குண்டையும் காந்தம் கண்டுகொள்ளாது. அது ஈயம் போல நொறுங்காது என்பதால் அதற்குத் தனியாகப் பெட்டியில் உள்ள எழுத்தைத்தான் படிக்க வேண்டும்.

காந்தம் ஒட்டுகிறது என்றால் இரண்டில் ஒன்று. உள்ளே எஃகுக் கரு இருக்கலாம். அல்லது கரு ஈயமாக இருந்து, மேலுறை மட்டும் செம்பு பூசிய மெல்லிய எஃகாக இருக்கலாம். ரஷ்யாவிலிருந்து வந்து குவிந்த மலிவுத் தோட்டாக்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகை. 2021 செப்டம்பரிலிருந்து ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்குப் புதிய அனுமதி தருவதை அமெரிக்கா நிறுத்தியது. ஆனாலும் அதற்கு முன்பே வாங்கி அடுக்கி வைத்தவர்களின் வீடுகளில் பெட்டி பெட்டியாக இருக்கத்தான் செய்யும். இந்த உறை எஃகு தகட்டை அவ்வளவாகச் சேதப்படுத்தாது. இருந்தாலும் நிறைய சுடுதளங்கள் "ஒட்டினால் வேண்டாம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. வரிசையில் இருபது பேர் நிற்கும்போது ஒவ்வொரு குண்டையும் அறுத்துப் பார்க்க யாருக்கு நேரம்?

வீட்டில் நேரம் உள்ளவர் அறுத்துத்தான் பார்க்க வேண்டும். குண்டைக் கூட்டிலிருந்து பிரிப்பதற்கென்றே சுத்தியல் வடிவில் ஒரு கருவி விற்கிறார்கள். அதில் தோட்டாவை மாட்டித் தரையில் தட்டினால் குண்டு கழன்று வரும், மருந்தும் தனியாகக் கொட்டிவிடும். கூட்டையும் மருந்தையும் அப்புறப்படுத்திவிட்டு, தனியாக நிற்கும் குண்டை மட்டும் பிடியில் இறுக்கி அரத்தால் ராவினால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். ஈயம் மந்தமான சாம்பல் நிறத்தில் குழைந்து வரும். எஃகு என்றால் அரம் "கிறீச்" என்று வழுக்கும், பளபளப்பாகத் தெரியும். ஒரு பெட்டிக்கு ஒரு தோட்டாவை இப்படித் தியாகம் செய்தால் போதும். ஆனால் பெட்டி ஒரே உற்பத்தி எண்ணைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். கலந்து கிடக்கும் டப்பாவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. முழுத் தோட்டாவை அப்படியே அறுக்கலாம் என்று யாராவது நினைத்தால்... அந்த நினைப்பை அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஈயக் கரு என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. வேகம் அதிகமாக இருந்தால் வெறும் ஈயக் குண்டே ஏஆர் 500 தகட்டில் குழி போடும். நொடிக்கு 3,000 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் தகட்டைத் தொடக்கூடாது, ரைபிள் என்றால் குறைந்தது 100 கஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது தகடு விற்கிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை. பழைய இரும்புக் கடையில் கிடைத்த தகட்டைத் தொங்கவிட்டுச் சுடுகிறவர்களுக்கு எந்தக் காந்தமும் உதவாது. அங்கே தப்பு தகட்டில்.

இனி நெருப்பு. 2012 ஜூனில் யூட்டா மாநிலத்தில் சரடோகா ஸ்பிரிங்ஸ் ஊருக்கு அருகே, இலக்குச் சுட்டுப் பழகியவர்களால் ஒரு காட்டுத்தீ பற்றியது. 5,500 ஏக்கருக்கு மேல் எரிந்தது. ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. ஒரு குண்டால் காடு பற்றுமா என்ற சந்தேகம் பலருக்கு இருந்தது. அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளர்கள் மார்க் ஃபின்னி தலைமையில் இதைச் சோதித்தார்கள். முடிவுகள் 2013-ல் வெளியாயின. பலவகை ரைபிள் குண்டுகளை எஃகுத் தகட்டில் சுட்டு, துணுக்குகளை நன்றாக உலர்ந்த மக்கிய தாவரத் தூளில் விழச் செய்தார்கள்.

எஃகுக் கரு, எஃகு உறை, முழுச் செம்பு ஆகிய இந்த மூன்று வகைகளும் திரும்பத் திரும்பத் தீப்பற்ற வைத்தன. செம்பு உறை போட்ட ஈயக் குண்டு அந்தச் சோதனைகளில் ஒரே ஒரு தடவைதான் பற்ற வைத்தது. துணுக்குகளின் வெப்பம் ஏறக்குறைய 550-லிருந்து 800 டிகிரி செல்சியஸ் வரை. வெடிமருந்தின் சூட்டால் வந்தது இல்லை இது. அவ்வளவு வேகத்தில் வந்த உலோகம் ஒரு கணத்தில் நசுங்கிக் கிழிந்து நிற்கும்போது, அதன் இயக்க ஆற்றலில் ஒரு பகுதி சூடாக மாறுகிறது. ஆணியைச் சுத்தியலால் பத்து அடி அடித்துவிட்டுத் தொட்டுப் பார்த்தால் சுடுமே, அதேதான், பல மடங்கு. ஈயம் தூளாவதால் சீக்கிரம் ஆறிவிடுகிறது. எஃகும் செம்பும் பெரிய துண்டுகளாக உடைவதால் சூட்டை வைத்துக்கொண்டே புல்லில் விழுகின்றன.

கவனியுங்கள், சுடுதளத்துக்காரர் பொறுத்துக்கொள்ளக்கூடிய அந்த எஃகு உறைக் குண்டு இங்கே குற்றவாளிப் பட்டியலில் இருக்கிறது. தகட்டுக்குச் சேதம் இல்லை, காட்டுக்குச் சேதம். "ஒட்டினால் வேண்டாம்" என்ற முரட்டு விதி அவ்வளவு முரட்டு விதி இல்லை என்பது இப்போது புரியும். மேற்கு மாநிலங்களில் வறண்ட காலங்களில் அரசு நிலங்களில் இத்தகைய தோட்டாக்களுக்குத் தடை ஆணை போடுவதும் இதனால்தான்.

சட்டம் இதில் ஒரு தனிக் குழப்பம். 1986-ல் வந்த அமெரிக்கச் சட்டம் கவசம் துளைக்கும் குண்டுக்கு ஒரு விளக்கம் தந்தது. கைத்துப்பாக்கியில் பயன்படக்கூடியதாக இருக்க வேண்டும், கரு முழுக்க எஃகு, இரும்பு, பித்தளை போன்றவற்றால் ஆனதாக இருக்க வேண்டும். ரைபிள் தோட்டாவுக்கு இதில் என்ன வேலை என்றால், அதே தோட்டாவைச் சுடும் ஒரு கைத்துப்பாக்கி சந்தைக்கு வந்தால் போதும், தோட்டா சட்டத்துக்குள் வந்துவிடும். அப்படித்தான் 1994-ல் எஃகுக் கரு 7.62×39 மாட்டியது. 2014-ல் சோவியத் 5.45-ன் 7என்6 ரகம் மாட்டி இறக்குமதி நின்றது. 2015 பிப்ரவரியில் பச்சை முனை எம் 855-ஐயும் சேர்க்க ஏடிஎஃப் அமைப்பு முன்மொழிந்தபோது எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் வந்து குவிந்தன. அடுத்த மாதமே திட்டத்தைக் கைவிட்டார்கள்.

ஆக, சட்டம் பார்ப்பது போலீஸ்காரர் அணியும் கவச உடையை. தகட்டில் விழும் பள்ளத்தை இல்லை. பச்சை முனைத் தோட்டாவைக் கடையில் தாராளமாக வாங்கலாம், சுடுதளத்தில் சுடக்கூடாது. "சட்டப்படி வாங்கினேன்" என்பவர் சொல்வது உண்மை. அது வேறு கேள்விக்கான பதில், அவ்வளவுதான்.

கடைசியாக மனிதர்கள். காந்தத்தை நீட்டுவது ஒரு சங்கடமான செயல். நண்பர் ஆசையாகக் கொண்டுவந்த தோட்டாவை வாங்கி, அவர் கண் முன்னாலேயே காந்தம் வைத்துப் பார்த்தால், அவர் சொல்லை நம்பவில்லை என்றாகிவிடும். அதனால் பலர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். "அவன் பத்து வருஷமாகச் சுடுகிறான், அவனுக்குத் தெரியாதா?" பத்து வருஷம் சுட்டவருக்கும் பெட்டிக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அது நம்பிக்கை சார்ந்த விஷயமே இல்லை. பால் கெட்டுவிட்டதா என்று காய்ச்சிப் பார்ப்பது பால்காரரைச் சந்தேகிப்பது ஆகாது.

இதில் எல்லாவற்றையும் விட யோசிக்க வைப்பது, தப்புக்கும் தண்டனைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. எஃகு முனைக் குண்டைச் சுட்டவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. தகட்டில் ஒரு சின்னக் குழி விழும். நூறு கஜத்துக்கு அப்பால் அது அவர் கண்ணுக்குத் தெரியக்கூடத் தெரியாது. "டங்" சத்தம் எப்போதும் போலத்தான் கேட்கும். திருப்தியாகத் துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். குழி மட்டும் அங்கேயே இருக்கும். அடுத்த நாளோ அடுத்த வாரமோ, எல்லா விதியையும் ஒழுங்காகக் கடைப்பிடித்து, சரியான ஈயத் தோட்டாவோடு வந்த யாரோ ஒருவர், அல்லது அவர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் அவருடைய மகளோ மகனோ, அந்தக் குழிக்கான பதிலை வாங்கிக்கொள்வார்கள். யார் போட்ட குழி என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால்தான் தகட்டைத் தொங்கவிடும் முன் அதன் முகத்தைக் கையால் தடவிப் பார்க்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள். பள்ளம் விழுந்திருந்தால், எவ்வளவு விலை கொடுத்த தகடாக இருந்தாலும், கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். தோட்டாவுக்குக் காந்தம், தகட்டுக்குக் கை. இரண்டுக்கும் சேர்த்து ஒரு நிமிஷம் ஆகாது. முன்பின் தெரியாத ஒருவரின் கண்ணுக்காக அந்த ஒரு நிமிஷத்தைச் செலவு செய்கிறோமா என்பதுதான் கேள்வி.